தாத்தாவின் குரலைக் கிண்டிலில் ஏற்றுவது: ஒலிக்கோப்பிலிருந்து மோபி வரை, எந்த வழி யாருக்கு?

“கேசட்டை எம்பி3 ஆக்கிவிட்டோம். அதை மோபி ஆக்க எது நல்ல வழி? அம்மாவிடம் பழைய கிண்டில் இருக்கிறது, அதில் போட வேண்டும்.”

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் இப்படிக் கேட்பவர்கள் கையில் வைத்திருப்பது கடையில் வாங்கிய ஒலிநூல் அல்ல. தோட்டத்து வரிசை வீடான லயத்தைக் காலி செய்து பட்டணத்து வீட்டுக்கு வந்தபோது பிஸ்கட் டின்னில் போட்டு எடுத்துவந்த கேசட்டுகள் அவை. பாட்டி பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் இருக்கும், திருவிழாவில் பிடித்த உடுக்கைப் பாட்டு இருக்கும். சில வீடுகளில் ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குப் போய்த் திரும்பி வந்த பெரியவர் பேசியதும் இருக்கும். 1942, 1943ஆம் ஆண்டுகளில் அந்தப் பாதையில் உழைத்தவர் இன்று இருந்தால் நூறு வயதை ஒட்டியிருப்பார். அந்தப் பேச்சை மறுபடி பதிவு செய்ய வழியே இல்லை. அதனால் வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். எம்பி3 கோப்பில் எழுத்து இல்லை, ஒலி அலை மட்டுமே உண்டு. மோபி என்பது எழுத்துக்கும் படத்துக்குமான பெட்டி. 2000இல் பிரான்சில் தொடங்கிய மோபிபாக்கெட் நிறுவனத்தின் வடிவம் அது. 2005இல் அமேசான் அந்த நிறுவனத்தை வாங்கியது, அதன் மின்னூல் படிக்கும் கருவியாக 2007இல் வந்த முதல் கிண்டில் அந்த வடிவத்தின்மேல் எழுந்தது. ஜேபெக் படத்தைப் பிஎன்ஜி ஆக்குவதுபோல ஒலியை மோபி ஆக்க முடியாது. நடுவில் யாராவது, அல்லது ஏதாவது, கேட்டு எழுதியாக வேண்டும். இல்லையென்றால் எழுதாமலே குரலைக் குரலாகக் கேட்க வேறு பெட்டி தேட வேண்டும். கீழே வரும் எல்லா வழிகளும் இந்த இரண்டில் ஒன்றாகவோ இரண்டின் கலவையாகவோ இருக்கும்.

## எதை வைத்து அளப்பது

கருவியின் வயது. இதுதான் முதல் கேள்வி, பலர் கடைசியில் கேட்பதும் இதுதான். 2007இன் முதல் கிண்டில், 2009இன் கிண்டில் 2, டிஎக்ஸ், 2010இன் கிண்டில் கீபோர்டு, 2011இன் கிண்டில் டச் ஆகியவற்றில் ஒலிபெருக்கியும் காதொலிக் குழியும் உண்டு, எம்பி3யும் பாடும். 2011இல் வந்த பொத்தான் வைத்த சாதாரணக் கிண்டிலிலும் 2012இன் பேப்பர்வைட்டிலும் ஒலியே கிடையாது. பின்னால் வந்த பல கிண்டில்களில் புளூடூத் இருக்கிறது. ஆனால் அது ஆடிபிள் என்ற அமேசான் சேவையின் ஒலிநூலுக்கும் திரையைப் படித்துக் காட்டும் வசதிக்கும்தான், நீங்கள் ஏற்றும் எம்பி3 அதில் பாடாது.

குரலா, சொல்லா? மருந்து அரைக்கும் பக்குவத்தையோ குடும்ப வம்சாவளியையோ ஒருவர் சொல்லியிருந்தால், எழுத்தாக இருப்பதே வசதி. தேடலாம், நிறுத்திப் படிக்கலாம். ஒப்பாரியை எழுத்தாக்கினால் வரிகள் மிஞ்சும், இழுப்பும் விம்மலும் போய்விடும்.

தமிழ் ஒழுங்காகத் தெரியுமா? அமேசான் 2016 டிசம்பரில்தான் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளின் நூல்களைக் கிண்டிலுக்குக் கொண்டுவந்தது. அதற்கு முந்திய கருவிகளில் தமிழ் எழுத்து கட்டங்களாகத் தெரியலாம், அல்லது கொம்பும் காலும் இடம் மாறி நிற்கலாம். பழைய மோபிக்குள் எழுத்துருவைப் பொதிக்கவும் முடியாது. 2011இல் வந்த கேஎஃப்8 என்ற புதிய கிண்டில் வடிவம்தான் அதற்கு இடம் கொடுத்தது.

உழைப்பு. பணத்தைவிட இதுதான் பெரிய செலவு. ஒரு மணி நேர ஒலிக்கு எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும் என்று கணக்குப் பாருங்கள்.

பத்து ஆண்டு கழித்துத் திறக்குமா? கிண்டிலுக்கு மின்னஞ்சல் வழி அனுப்பும் சேவையில் மோபி ஏற்பதை அமேசான் நிறுத்திவிட்டது. 2022 முதல் அங்கே ஈபப் என்ற பொது மின்னூல் வடிவத்தை ஏற்கிறார்கள். யூஎஸ்பி கம்பி வழியாக ஏற்றினால் மோபி இன்றும் திறக்கும். மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு முடிந்ததால், வைஃபை இல்லாமல் 3ஜி மட்டும் வைத்த பழைய கிண்டிலுக்குக் கம்பியே துணை. சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கம்பியாக இருந்தால் கணினி கிண்டிலைக் காணவே காணாது. பலர் கருவி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான்.

## எந்த வழி எடுத்தாலும் முதல் வேலை

மூலத்தைத் தொடாமல் வையுங்கள். கேசட்டிலிருந்து இனிமேல்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றால், 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ வேவ் கோப்பாக எடுங்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய 5.3 எம்பி ஆகும். இரு பக்கமும் 45 நிமிடம் ஓடும் சி90 கேசட் முழுதும் ஏறக்குறைய 476 எம்பியில் அடங்கும். அதையே 64 கிலோபிட் மோனோ எம்பி3 ஆக்கினால் 43 எம்பி. கேட்பதற்கு அது போதும், மூலமாக வைத்துக்கொள்ள அது போதாது. கையில் இருப்பது எம்பி3 மட்டும்தான் என்றால் அதுவே மூலம். அதைத் திருத்தி மறுபடி எம்பி3 ஆகச் சேமிக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஒலி உதிரும்.

வெளியூரிலிருக்கும் உறவினர் வாட்சப்பில் அனுப்புவதாக இருந்தால், பாட்டுக்கோப்பாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். அப்போதுதான் மூலக்கோப்பு அப்படியே வரும்.

சுத்தம் செய்வதைப் பிரதியில் செய்யுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்திருத்தி போதும். மின்கம்பி இரைச்சல் நம் நாட்டில் 50 ஹெர்ட்ஸில் இருக்கும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டி அதை அடக்கும். நாடாவின் ‘ஸ்ஸ்’ சத்தத்துக்கு, யாரும் பேசாத இரண்டு மூன்று விநாடியைத் தேர்ந்து இரைச்சல் மாதிரியாகக் கொடுத்து, பிறகு முழுக்கோப்புக்கும் 6 முதல் 9 டெசிபெல் வரை குறையுங்கள். 12ஐத் தாண்டினால் குரல் தண்ணீருக்குள் பேசுவதுபோல் ஆகிவிடும். தகரக் கூரையில் மழை கொட்டும்போது பதிவானதை எந்த வடிகட்டியாலும் பிரிக்க முடியாது, விட்டுவிடுங்கள்.

## வழி 1: இணையத்தில் ‘எம்பி3யிலிருந்து மோபி’ என்று சொல்லும் மாற்றிகள்

கோப்பை ஏற்று, பொத்தானை அழுத்து, மோபி வரும் என்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள்: ஒலி எந்த மொழியில் இருக்கிறது என்று கேட்கிறதா? கேட்கவும் இல்லை, தானாகக் கண்டறிவதாகச் சொல்லவும் இல்லை என்றால் அங்கே பேச்சை எழுத்தாக்கும் வேலை நடக்கவில்லை. வரும் மோபி திறக்காது, அல்லது தலைப்பு மட்டும் வைத்த வெற்று நூலாக இருக்கும். கோப்பின் பின்னொட்டை எம்பி3யிலிருந்து மோபி என்று கையால் மாற்றிவைப்பதும் இதே கதைதான். பெயர் மாறும், உள்ளே இருப்பது மாறாது.

மறைசெலவு வேறு இடத்தில் இருக்கிறது. குடும்பப் பூசல், சாவு, கடன் என்று பெரியவர் மனம் திறந்து பேசியதை முகம் தெரியாத கணினிக்கு அனுப்புகிறீர்கள். அது அங்கே எத்தனை நாள் கிடக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. இந்த வழி பொருந்தும் சூழ்நிலை என்று எதையும் நாம் காணவில்லை.

## வழி 2: பேச்சறிவான் எழுதட்டும், நாம் திருத்துவோம்

ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில் வெளியிட்ட, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் இலவசம், சொந்தக் கணினியிலேயே ஓடும், தமிழ் தெரியும். இறக்கிவைத்த பிறகு இணையமும் வேண்டாம். கட்டளை வரி பழக்கமில்லாதவர்கள் விண்டோஸில் சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளுக்குள்ளிருந்தே அதை இயக்கலாம்.

அளவு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். டைனி, பேஸ், ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று மாதிரிகள் உண்டு. ஆங்கிலத்துக்குச் சின்னது ஒப்பேறும், தமிழுக்கு லார்ஜ்தான். மூலப் பதிப்பில் அதற்கு ஏறக்குறைய 10 ஜிபி கிராஃபிக்ஸ் நினைவகம் வேண்டும், மீடியத்துக்கு 5 ஜிபி. கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத மடிக்கணினியிலும் ஓடும், ஆனால் ஒலியின் நீளத்தைப் போலப் பல மடங்கு நேரம் எடுக்கும். இரவில் போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம். கோழிக்கூண்டு மாதிரி சூடேறும் அறையில் மட்டும் வைக்காதீர்கள், சூடேறினால் கணினி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

எங்கே தவறும் என்பதை முன்பே தெரிந்துகொண்டால் பாதி வேலை மிச்சம்.

மொழியைத் தமிழ் என்று நீங்களே குறித்துவிடுங்கள். தானாகக் கண்டுபிடிக்க விட்டால் முதல் 30 விநாடியைக் கேட்டு முடிவெடுக்கும். கேசட்டின் தொடக்கத்தில் யாரோ மலாயில் பேசியிருந்தால் முழுக்கோப்பும் அந்த மொழி என்று எடுத்துக்கொள்ளும். மொழிபெயர்ப்பு என்ற தெரிவு தட்டப்பட்டிருந்தால் ஆங்கிலத்தில் கொட்டும். எழுத்தாக்கம் என்பதைத்தான் தேர வேண்டும்.

பேச்சில்லாத இடத்தில் அது சும்மா இருக்காது. ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதும், யாரும் சொல்லாத வாக்கியத்தைச் செருகும். பெரியவர்கள் நினைவைத் தேடி மௌனமாக இருக்கும் இடங்களில் இது நடக்க வாய்ப்பு அதிகம். பேச்சுள்ள இடத்தை மட்டும் பிரித்தெடுக்கும் விஏடி தெரிவு இருந்தால் போடுங்கள். மௌனத்தை வெட்டி எறியலாம் என்று தோன்றும். வெட்டினால் நேரக்குறி எல்லாம் தள்ளிப்போகும், பின்னால் குரலோடு ஒத்துப்பார்க்க முடியாது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய இடர் நம் தோட்டத்துச் சொற்கள். பெரட்டு (காலையில் வேலையாட்களைக் கூட்டிப் பெயர் எடுப்பது), கித்தா, மங்கு, ஒட்டுப்பால், கிராணி, தண்டல், நிரை, ஆயாக் கொட்டகை: இவற்றை அந்த இயந்திரம் அரிதாகவே கேட்டிருக்கும். அருகில் ஒலிக்கும் வேறு சொல்லை நிதானமாக எழுதிவைக்கும். தவறு என்று கண்ணுக்குத் தட்டுப்படாது, அதுதான் ஆபத்து. முன்குறிப்பாகச் சில சொற்களைக் கொடுக்கும் வசதி விஸ்பரில் உண்டு. அதன் வரம்பு, டோக்கன் எனப்படும் எழுத்துத் துண்டுகளில் 224. தமிழ் எழுத்துகள் அதிகத் துண்டுகளை விழுங்குவதால் பதினைந்து இருபது சொல்லுக்கு மேல் கொள்ளாது. அதனால் அந்தக் கேசட்டில் அதிகம் வரும் தோட்டப் பெயர், ஆள் பெயர், வேலைச் சொல் ஆகியவற்றை மட்டும் பொறுக்கிக் கொடுங்கள். சில சமயம் ‘போனாங்க’ என்றது ‘போனார்கள்’ என்று எழுத்துநடையாக மாறியும் வரும். பேச்சு வழக்கைக் காப்பதுதான் உங்கள் நோக்கமென்றால் திருத்தும் வேலை இன்னும் கூடும்.

முழுக்கோப்பையும் கொடுக்குமுன் நடுவிலிருந்து ஐந்து நிமிடம் வெட்டிச் சோதியுங்கள். மூன்றில் ஒரு சொல் தவறாக வந்தால் இந்த வழியை விட்டு வழி 3க்குப் போங்கள். திருத்துவது புதிதாகத் தட்டச்சுவதைவிட அலுப்பான வேலை. தெளிவான பதிவு என்றால் ஒரு மணி ஒலிக்கு மூன்று நான்கு மணி நேரத் திருத்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு மோபி ஆக்குவது. திருத்திய எழுத்தை வேர்டிலோ லிப்ரே ஆஃபிஸிலோ வைத்து, ஒவ்வொரு பகுதித் தலைப்புக்கும் ‘தலைப்பு 1’ பாணியைக் கொடுங்கள். எழுத்தை வெறுமனே பெரிதாக்கித் தடிப்பாக்கினால் பொருளடக்கம் உருவாகாது. மின்னூல்களை வடிவம் மாற்றும் காலிபர் என்ற மென்பொருளில் அந்தக் கோப்பைச் சேர்த்து, முதலில் ஈபப் ஆக்கிச் சரிபாருங்கள், அதிலிருந்து மோபி எடுங்கள். மோபி வெளியீட்டுப் பக்கத்தில் பழையது, இரண்டும், புதியது என்று மூன்று தெரிவு இருக்கும். கிண்டில் 2, டிஎக்ஸ் ஆகியவற்றுக்குப் பழையதுதான், அவற்றுக்கு கேஎஃப்8 தெரியாது. கீபோர்டும் அதற்குப் பின் வந்தவையும் மென்பொருள் புதுப்பித்திருந்தால் கேஎஃப்8ஐத் திறக்கும். அப்படியானால் மோபியை விட்டு, கேஎஃப்8க்கான ஏஇசட்டபிள்யூ3 கோப்பாகவே எடுத்து, எழுத்துருப் பகுதியில் நோட்டோ சான்ஸ் தமிழைப் பொதியுங்கள். ஒன்றரை மணி நேரப் பேச்சின் எழுத்து கால் எம்பி அளவில்தான் நிற்கும், எழுத்துருவைச் சேர்த்தாலும் இடப் பிரச்சினை வராது.

முழு நூலை ஏற்றுமுன் ஒரு பக்கச் சோதனை நூல் செய்யுங்கள். அதில் கொ, கோ, கௌ, லை, ணு, றூ, ஸ்ரீ, க்ஷ என்று எழுதிக் கிண்டிலில் திறந்து பாருங்கள். ‘கொ’வின் கொம்பு க-வுக்குப் பின்னால் நின்றால் எழுத்துரு பொதித்தும் பயனில்லை, கருவியின் எழுத்தடுக்கும் பகுதிக்கே தமிழ் தெரியவில்லை என்று பொருள். அப்போது மோபியைக் கைவிட்டு, 9 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம் கொண்ட தாளில் 14 புள்ளி எழுத்தில் பிடிஎஃப் செய்யுங்கள். ஆறங்குலத் திரைக்கு அது அளவாகப் பொருந்தும், எழுத்துகள் ஏற்கெனவே அடுக்கப்பட்டு உள்ளே போவதால் உடையாது. எழுத்தைப் பெரிதாக்கும் வசதி மட்டும் போய்விடும். கண் மங்கியவருக்கென்றால் 18 புள்ளியில் இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள்.

## வழி 3: கேட்டுக் கேட்டுக் கையால் தட்டச்சு

ஒரு மணி ஒலிக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் பிடிக்கும். பலர் ஒரே நேரத்தில் பேசும் பதிவென்றால் இன்னும் கூடும். ஆனாலும் ஒப்பாரி, உடுக்கைப் பாட்டு, பல் போன வாயின் பேச்சு, மலாயும் ஆங்கிலமும் கலந்த பழைய தோட்டப் பேச்சு ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. பாட்டின் வரி எங்கே முறிகிறது என்பதைக் காதுதான் சொல்லும்.

ஆடாசிட்டியில் வேகத்தை 70 விழுக்காடாகக் குறைத்து, சுருதி மாறாமல் கேட்டபடி தட்டச்சலாம். விசைப்பலகைக்கு முரசு அஞ்சலோ கைப்பேசியில் செல்லினமோ நம் ஊரில் பலருக்குப் பழகியவை. இரண்டும் மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் உருவாக்கியவை. ஒருவர் காதொலி மாட்டிக்கொண்டு வரி வரியாகத் திரும்பச் சொல்ல, கூகல் ஆவணத்தின் குரல் தட்டச்சு எழுதுவதும் நடைமுறையில் நன்றாக ஓடுகிறது. இழுத்துப் பேசும் பெரியவரைப் புரியாத இயந்திரம், நிறுத்தி நிதானமாகச் சொல்லும் பேரனைப் புரிந்துகொள்ளும்.

இங்கே ஒரு பழைய வலை உண்டு. வீட்டில் ஏற்கெனவே யாராவது 1990களில் தட்டச்சி வைத்த பிரதி இருந்தால் அது யுனிகோடாக இருக்காது, அக்கால எழுத்துருக் குறியீட்டில் இருக்கும். காலிபருக்குள் அப்படியே போட்டால் ஐரோப்பிய எழுத்துகளின் குப்பையாக வரும். முதலில் யுனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியபின் ‘ர’வும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.

வெளியே கூலிக்குக் கொடுப்பதாக இருந்தால் தோட்டத்தில் வளர்ந்தவருக்குக் கொடுங்கள். வேகமாகத் தட்டச்சத் தெரிந்து ‘பெரட்டு’ தெரியாதவரின் பிரதியை நீங்கள் முழுதுமாகத் திருத்த வேண்டியிருக்கும்.

## வழி 4: எம்பி3 எம்பி3யாகவே இருக்கட்டும், பக்கத்தில் ஒரு சிறு மோபி

ஒலி பாடும் பழைய கிண்டில் கையில் இருந்தால் இது மிக எளிய வழி, பலருக்குத் தோன்றுவதே இல்லை. கீபோர்டு கிண்டிலைக் கம்பியில் மாட்டினால் இசைக்கென ஒரு கோப்புறை தெரியும். எம்பி3களை அதில் போடுங்கள். படித்துக்கொண்டிருக்கும்போதே ஆல்ட் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் பாடும், மறுபடி அழுத்தினால் நிற்கும். ஆல்ட்டும் எஃப்பும் அடுத்த கோப்புக்குத் தாவும்.

குறை என்னவென்றால் கோப்புப் பட்டியலைத் திரையில் காட்டாது. எங்கே விட்டோம் என்ற அடையாளமும் இல்லை. ஆகையால் 45 நிமிடக் கோப்பை அப்படியே போடாமல் ஐந்து, பத்து நிமிடப் பகுதிகளாக வெட்டுங்கள். பெயரை எண்ணோடு தொடங்கி, ஒவ்வொன்றாக வரிசை மாறாமல் நகலெடுங்கள். பிறகு ‘1. கப்பலில் வந்தது, 2. முதல் பெரட்டு, 3. ஜப்பான்காரன் காலம்’ என்று பகுதிக்கு மூன்று வரிச் சுருக்கத்தோடு நான்கைந்து பக்க மோபி ஒன்று செய்து கூடவே வையுங்கள். முழு எழுத்தாக்கமும் இல்லாமல் ஒரே மாலையில் முடியும் வேலை.

## வழி 5: டெய்சி 2.02

பழைய மின்னூல் வடிவம்தான் வேண்டும், குரலும் வேண்டும் என்றால் கேட்க வேண்டிய பெயர் மோபி அல்ல, டெய்சி. பார்வையற்றோருக்கான பேசும் நூல்களுக்கென்று 1996இல் உருவான டெய்சி கூட்டமைப்பின் வடிவம் அது. 2.02 பதிப்பு 2001இல் வந்தது. ஒலி எம்பி3யாகவே உள்ளே இருக்கும். அதன்மேல் தலைப்பு வரிசையும் நேரக்குறிகளும் அமர்ந்திருக்கும். எழுத்தே இல்லாமல் தலைப்பு மட்டும் வைத்தும் முழுமையான நூல் செய்யலாம். கேட்பவர் பகுதி பகுதியாகத் தாவலாம், நிறுத்திய இடத்திலிருந்து தொடரலாம்.

செய்வதற்கு ஓபி என்ற இலவச விண்டோஸ் மென்பொருள் உண்டு. ஒலியை இறக்குமதி செய்து, மௌனத்தை வைத்து வாக்கியத் துண்டுகளாகப் பிரிக்கச் சொல்லி, பகுதி தொடங்கும் இடங்களில் தலைப்பு வைத்து, 2.02 ஆக ஏற்றுமதி செய்யுங்கள். நாடா இரைச்சல் அதிகமாக இருந்தால் எது மௌனம் என்று அதற்குத் தெரியாது, முழுப் பக்கமும் ஒரே துண்டாக நிற்கும். இரைச்சல் குறைத்த பிரதியை இங்கே பயன்படுத்துவதன் காரணம் அதுதான். ஒரு மணி ஒலிக்கு ஒன்றரை மணி நேர வேலை.

தலைப்புகளைக் குரலிலும் பதியுங்கள். “மூன்றாம் பகுதி, ஆயாக் கொட்டகை” என்று வீட்டில் ஒருவர் சொல்லிச் சேர்த்தால், பார்வை இல்லாதவருக்குத் தமிழ்த் தலைப்பைக் கருவி படிக்குமா படிக்காதா என்ற கவலையே இல்லை.

கிண்டில் இதைத் திறக்காது. தனி டெய்சி கருவிகள் விலை கூடியவை. ஆனால் கைப்பேசியில் ஈஸிரீடர், கணினியில் தோரியம் ஆகிய இரண்டும் இலவசம். நகலெடுக்கும்போது முழுக்கோப்புறையும் போக வேண்டும். எம்பி3களை மட்டும் இழுத்துப் போட்டால் சாதாரணப் பாட்டுக்கோப்பாகத்தான் இருக்கும்.

## வழி 6: ஈபப் 3, எம்4பி

ஈபப் 2 வடிவத்தில் ஒலிக்கு இடமில்லை. 2011 அக்டோபரில் வந்த ஈபப் 3தான், குரல் ஓட ஓட அந்த வரி ஒளிரும் வசதியைத் தந்தது. டோபி என்ற டெய்சி கூட்டமைப்பு மென்பொருளில் செய்யலாம். முழு எழுத்தும் முடிந்த பிறகுதான் இதைத் தொடங்க முடியும், அதற்குமேல் ஒரு மணி ஒலிக்கு மூன்று நான்கு மணி நேரம் வேண்டும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பாட்டியின் கதையைக் கேட்டபடியே படிப்பதற்கு இதற்கு இணை இல்லை. கிண்டில் இந்த ஒலியை இயக்காது.

எம்4பி என்பது அத்தியாயக் குறி வைத்த ஒலிநூல். எழுத்து வேண்டாம், கைப்பேசி போதும் என்பவர்களுக்கு அது.

லிட், பிடிபி ஆகிய இன்னும் பழைய வடிவங்களைக் கேட்பவர்களும் உண்டு. காலிபர் இன்றும் இரண்டையும் எழுதித் தரும். ஆனால் லிட்டைத் திறந்த மைக்ரோசாப்ட் ரீடர் 2012 ஆகஸ்ட்டோடு நின்றுவிட்டது. பாம் கருவிகளுக்கான எளிய பிடிபியில் தமிழ் நிற்காது. புதிதாக எதையும் அவற்றில் செய்ய வேண்டாம்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | குரல் | முழு எழுத்து | ஒரு மணி ஒலிக்கு உழைப்பு | பழைய கிண்டிலில் | மறைசெலவு |
|---|---|---|---|---|---|
| இணைய மாற்றி | இல்லை | இல்லை | சில நிமிடம் | பயனில்லை | தனிப்பேச்சு வெளியே போகும் |
| விஸ்பர், திருத்தம், மோபி | இல்லை | உண்டு | 3–4 மணி | தமிழ் தெரிந்தால் சரி | தோட்டச் சொற்கள் பிழைபடும் |
| கைத்தட்டச்சு, மோபி | இல்லை | உண்டு | 6–8 மணி | தமிழ் தெரிந்தால் சரி | பொறுமை, சில சமயம் கூலி |
| எம்பி3யும் சிறு மோபியும் | உண்டு | சுருக்கம் | 1 மணிக்குள் | ஒலியுள்ள மாதிரிகளில் மட்டும் | விட்ட இடம் நினைவில் நிற்காது |
| டெய்சி 2.02 | உண்டு | தேவையில்லை | 1½ மணி | திறக்காது | புதுச் செயலி பழக வேண்டும் |
| ஈபப் 3 | உண்டு | உண்டு | எழுத்தாக்கம் போக 3–4 மணி | ஒலி வராது | எல்லாவற்றிலும் நீண்ட வேலை |

## யாருக்கு எது

அம்மாவுக்குக் கண் நன்றாக இருக்கிறது, பேப்பர்வைட்டில் படிக்கப் பிடிக்கும், கேசட்டில் இருப்பது தெளிவான பேச்சு என்றால்: வழி 2, ஏஇசட்டபிள்யூ3 ஆக.

கேசட்டில் பாட்டு என்றால்: எழுத்தாக்கம் கையால், குரல் தனியாக. எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு கேசட்டைத் தூக்கிப்போடுவது இந்த வகையில் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு.

தாத்தாவுக்குக் கண்புரை, கைப்பேசியில் பெரிய பொத்தானை மட்டும் அழுத்துவார் என்றால்: டெய்சி. மோபியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கையில் கீபோர்டு கிண்டில், நேரம் இல்லை, தீபாவளிக்குள் கொடுத்தாக வேண்டும் என்றால்: வழி 4. பின்னர் விரும்பினால் எழுத்தாக்கலாம், எதுவும் வீணாகாது.

கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளி நூலகத்திலோ பலருக்கும் வைப்பதாக இருந்தால், வடிவத்துக்கு முன் அனுமதி. பேசியவரிடமோ அவர் பிள்ளைகளிடமோ கேளுங்கள். வானொலியிலிருந்து பிடித்த நிகழ்ச்சி என்றால் அது வீட்டோடு இருக்கட்டும்.

## இரண்டையும் இணைக்க ஒரு குறி

எழுத்தாக்கம் செய்பவர்கள் எல்லோரும் இதைச் செய்துவிட்டால் நல்லது. மோபியின் ஒவ்வொரு பகுதித் தலைப்பின் கீழும் கேசட் எண், பக்கம், நேரம் மூன்றையும் ஒரு வரியில் எழுதுங்கள். ‘கேசட் 2, ஆ பக்கம், 12:40’ என்பதுபோல. விஸ்பர் நேரக்குறியோடு எழுதித் தருவதால் இதற்குத் தனி உழைப்பில்லை. கையால் தட்டச்சுபவர் ஆடாசிட்டியின் நேரக்கோட்டைப் பார்த்து எழுதினால் போதும். கேட்க முடியாத சொல்லை ஊகித்து நிரப்பாமல் சதுர அடைப்புக்குள் ‘கேட்கவில்லை, 14:05’ என்று விடுங்கள். அந்த ஊர்ப் பெயரோ கங்காணியின் பெயரோ தெரிந்த இன்னொருவர் பின்னொரு நாள் படிக்கும்போது, கோப்பைத் திறந்து நேராக அந்த விநாடிக்குப் போய்க் கேட்டு எழுதிக்கொள்வார்.